மெதுவாக அழுத்து

அவனை ‘அவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நேரில் சார் என்றுதான் கூப்பிட்டேன். அது டூட்டி. இது என் வீட்டு மேசை, என் பேனா. இங்கே அவன் அவன்தான்.

நான் நர்ஸ். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, நாகர்கோவிலில் படித்து, அபுதாபிக்கு வந்து பதினாறு வருடமாகிறது. கடைசி ஆறு வருடமாக விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு கிளினிக்கில் வேலை. முட்டி, தோள்பட்டை, கணுக்கால் என்று வருவார்கள். சிலர் தலையில் அடிபட்டு வருவார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு உண்டு. அதை நடத்துவது என் பொறுப்பு.

இருபது நிமிடத் தேர்வு. திரையில் பன்னிரண்டு வார்த்தைகள் வந்து மறையும், கொஞ்ச நேரம் கழித்து அவற்றைச் சொல்லவேண்டும். ஒரு வட்டம் நிறம் மாறியதும் பொத்தானை அழுத்தவேண்டும். சீசன் தொடங்குமுன் ஒவ்வொரு ஆட்டக்காரனும் நல்ல தலையோடு வந்து இதை ஒருமுறை எழுதிவிட்டுப் போவான். அதற்குப் பெயர் பேஸ்லைன். பிறகு மைதானத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி எழுதுவான். முதலில் எடுத்த மார்க்கைத் தொட்டால்தான் ஆடலாம். தொடாவிட்டால் வீட்டில் இருக்கவேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். இதில் ஏமாற்றவும் ஒரு வழி இருக்கும் என்று அவன் வரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

அவன் ஆஸ்திரேலியாக்காரன். அவர்கள் நாட்டுக்கென்றே ஒரு கால்பந்து இருக்கிறது. பந்து முட்டை வடிவம். மைதானம் நம் கிரிக்கெட் மைதானம் போல நீள்வட்டமானது. கோல் போஸ்டுக்குப் பதில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். கையில்லாத பனியன், அரைக்கால் சட்டை, தலையில் ஒன்றும் கிடையாது. உதைத்த பந்து உயரத்தில் வரும்போது, முன்னால் நிற்பவன் முதுகில் முட்டியை ஊன்றி ஏறிப் பிடிப்பார்கள். அதற்குத்தான் கூட்டம் கத்தும். அதைச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஆடியவன் அவன். பதினெட்டு வயதில் ஒரு கிளப் அவனை எடுத்தது. முப்பதில் முட்டி போனது, கிளப் வழியனுப்பி வைத்தது. அதன் பிறகு அபுதாபியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுத் துறைத் தலைவனாக வந்து சேர்ந்தான். சனிக்கிழமைகளில் இங்கே வேலை பார்க்கும் அவன் நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் அணிக்குக் கோச். ஆசிரியர்கள், எஞ்சினியர்கள், ஒரு விமானி, இப்படிப்பட்ட அணி. அந்த அணி எங்கள் கிளினிக்கோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. தேர்வும் எங்களிடம்தான், ஆட்டத்தன்று முதலுதவிப் பையோடு ஓரத்தில் நிற்பதும் நான்தான்.

முதல் வருடம், சீசனுக்கு முந்தைய தேர்வு நாள். ஏழு பேர் எழுதி முடித்திருந்தார்கள். மார்க்கைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. விமானி பன்னிரண்டு வார்த்தைகளில் நான்கைத்தான் சொன்னான். “இந்த ஞாபகத்தோடு நீங்கள் ஓட்டும் விமானத்தில் நான் ஏறமாட்டேன் சார்” என்று சொன்னேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனான். கணக்கு வாத்தியார் ஒருத்தன் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னால் எண்பத்தாறோடு நின்றுவிட்டான். ஏழு பேருக்கும் நிறம் மாறினால் பொத்தானுக்குக் கை போக ஒரே அளவு தாமதம். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, அவர்கள்கூட இதைவிட வேகமாக டிவி ரிமோட்டை அழுத்துவார்கள்.

எட்டாவது ஆளைக் கூப்பிட நானே காத்திருப்பு அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவன் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் பேசியது இங்கிலீஷ், நான் எழுதுவது தமிழ், மற்றபடி ஒரு சொல் கூட்டவில்லை.

“வார்த்தைகளில் நாலுக்கு மேல் சொல்லாதே. நிறம் மாறினால் மனசுக்குள் ஒன்று எண்ணிவிட்டு மெதுவாக அழுத்து. ரொம்ப மெதுவாக வேண்டாம், கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு முட்டாளாக இருந்தால்தான் அடிபட்ட அன்றைக்குப் பாஸாகலாம்.”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். “என்ன சார் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?” என்றேன். வேறு ஒருவனாக இருந்தால் முகம் சிவந்திருக்கும். அவன் பெருமையாக நிமிர்ந்தான். பதினெட்டு வயதில் முதல் தேர்வுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு சீனியர் ஆட்டக்காரன் காதில் சொல்லிக்கொடுத்ததாம். பன்னிரண்டு வருடமும் அதேபோல எழுதினானாம். தலைக்காக ஒரே ஒரு ஆட்டத்தைக்கூட அவன் விட்டதில்லையாம். “ஏழு தடவை மயங்கி விழுந்திருக்கிறேன்” என்று விரல்களைக் காட்டினான். “அடுத்த வாரம் ஏழு தடவையும் ஆடினேன்.”

“ஏழு, உங்களுக்கு நினைவிருப்பதா, மொத்தமா?” என்று கேட்டேன்.

சோபாவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. எழுந்து நின்றான். ஆறடி மூன்றங்குலம். என் பேட்ஜைக் குனிந்து வாசிப்பதுபோல வாசித்துவிட்டுச் சொன்னான்: “ஸிஸ்டர், பொத்தானைக் காட்டுவது உன் வேலை. அழுத்துவது எங்கள் வேலை.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தக் கோளாறு உண்டு. யாராவது தாழ்த்திப் பேசினால் சாப்பாடு இறங்காது. அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி கிளினிக்கின் சம்பவ அறிக்கைத் தாளில் எழுதினேன். அவன் சொன்ன வாசகங்களை அப்படியே போட்டேன். ஏழு தடவை, பன்னிரண்டு வருடம், பஸ், சீனியர் எல்லாம். நோயாளிகளின் நலனுக்காக எழுதினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை வேறு. அவனை அந்த அணியிலிருந்தே தூக்கவேண்டும் என்றுதான் எழுதினேன்.

மூன்றாம் நாள் மேலாளர் அம்மா கூப்பிட்டார். மேசைமேல் என் அறிக்கை ஒரு பக்கம், அவன் கொடுத்த புகார் மறுபக்கம். ஒட்டுக்கேட்டேன், சொல்லாததைச் சொன்னதாகத் திரித்தேன், ஒரு தொழில்முறை ஆட்டக்காரனின் பெயரைக் கெடுத்தேன் என்று பட்டியல் போட்டிருந்தான். அணி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தான். மேலாளர் என்னைத் திட்டவில்லை. அதைவிட மோசமாக, அன்பாகப் பேசினார். தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தி, “இதில் கையெழுத்துப் போட்டுவிடு ஸிஸ்டர். கலாஸ், அதோடு முடிந்தது” என்றார்.

தாளில் இருந்தது இதுதான்: தொடர்ந்து டூட்டி பார்த்த களைப்பில் என் நினைவு பிசகி, நடக்காத ஓர் உரையாடலை நடந்ததாக எழுதிவிட்டேன். அந்தப் பயிற்சியாளர் அப்படி எதுவும் சொல்லவில்லை. என் நினைவை நம்பி எழுதிய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். வருந்துகிறேன்.

வாசகங்களை அவனே சொல்லி எழுத வைத்தானாம். எனக்கு ஒருநாள் அவகாசம் கொடுத்தார்கள்.

கோபம் வந்தால் எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் முதலில் பேசும். முசஃபாவில் மரைன் எஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு ஒர்க்ஷாப்பில் என் கணவருக்கு வேலை. அன்று மாலை கையில் கிரீஸ் கறையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“கையெழுத்துதான? போட்டுட்டு வா. கை தேஞ்சா போயிரும்?”

“நடந்தத நடக்கலன்னு எழுதித் தரணுமாம். எனக்குத்தான் ஞாபகம் பெசகிட்டுதாம். நீங்கன்னா போடுவியளா?”

“நான் எத்தன போட்டிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா? விசா அடுத்த மாசம் முடியுது. பிள்ளைக்குப் பத்தாங் கிளாஸ் பரீச்ச. அந்த வெள்ளக்காரன் தல ஒடஞ்சா அவன் தல. அதுக்கு நீ எதுக்கு இந்தத் துள்ளு துள்ளுத?”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவனும் வந்திருந்தான். எனக்குக் கீழே, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் சாய்வாக ஒரு கையெழுத்தைக் கிறுக்கினான். பழைய நாளில் ரசிகர்களுக்குப் போட்டுப் பழகிய கையெழுத்து போல, முதல் எழுத்து பெரிதாக, கடைசியில் ஒரு நீண்ட கோடு. “மனதில் வைத்துக்கொள்ளாதே ஸிஸ்டர்” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். மனதில்தான் வைத்துக்கொண்டேன். தாளில் ஒரு பிரதி எடுத்து லாக்கரில் வைத்துப் பூட்டினேன். என்றைக்காவது அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சீசனின் நடுவில், ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை, துபாய் அணியோடு ஆட்டம். இந்த ஊரில் அந்த மாதம்தான் வெயிலில் நிற்க ஆசையாக இருக்கும். அபுதாபி அணியில் ஓர் ஆள் குறைந்தது. நாற்பத்தொரு வயதில் கோச்சே பனியனை மாட்டிக்கொண்டு இறங்கினான். எனக்குப் பிடிக்காதவனைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. அவன் ஆடியது அழகு. முட்டி போனவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மற்றவர்கள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், அவன் பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய்ச் சும்மா நிற்பான். கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேல் ஆத்திரமாக இருந்தது.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியில் ஒரு உயரமான பந்து வந்தது. அவன் எம்பினான். எதிரணிக்காரன் ஒருவனும் பின்னாலிருந்து எம்பினான். அந்த ஆளின் முட்டி கோச்சின் நெற்றிப்பொட்டில் இடித்த சத்தம் ஓரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. தேங்காயைத் தரையில் போட்ட சத்தம். கீழே விழுந்தும் கோச் பந்தைக் கையிலிருந்து விடவில்லை. எழுந்தான். நேராக நடந்து போய் எதிரணி பெஞ்சில் உட்கார்ந்தான். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள், அவன் வேடிக்கை காட்டுகிறான் என்று.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “இது எந்த ஊர் சார்?” என்று கேட்டேன். அவன் தன் நாட்டில் பழைய கிளப் இருந்த ஊரின் பெயரைச் சொன்னான்.

திங்கட்கிழமை தேர்வுக்கு வந்தான். அடிபட்ட தலையோடு எழுதினான், பாஸாகிவிட்டான். சீசன் தொடக்கத்தில் எங்களிடம் எழுதிய பேஸ்லைனையும் வேண்டுமென்றே மெதுவாக எழுதியவன்தானே. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோல இருந்தன. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, “வேறு ஏதாவது குறித்துக்கொள்ள இருக்கிறதா ஸிஸ்டர்?” என்று கேட்டார். அவர் புதிதாக வந்தவர், பழைய கதை எதுவும் தெரியாது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லை டாக்டர்” என்றேன்.

அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. இதை நான் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். போ, போய் நன்றாக முட்டிக்கொள், என் வாயை நீதானே தைத்தாய் என்று நினைத்தேன். விசா பயம் பாதி, இது பாதி. டாக்டர் முத்திரை குத்தினார். அவன் எனக்குக் கண்ணடித்துவிட்டுப் போனான். அந்தச் சீசன் முடிவதற்குள் மேலும் மூன்று ஆட்டம் ஆடினான். அதில் இரண்டில் தலையில் வாங்கினான். இரண்டு தடவையும் பாஸ்.

அடுத்த இரண்டு வருடத்தில் அவனைப் பற்றிய செய்திகள் துண்டு துண்டாக வந்தன. தோள்பட்டை வலிக்காகக் கிளினிக்குக்கு வந்தவன், காலையில் எனக்கு வணக்கம் சொன்னான், பத்து நிமிடம் கழித்து வராந்தாவில் பார்த்து அப்போதுதான் பார்ப்பதுபோல மறுபடி வணக்கம் சொன்னான். ஒருநாள் மாலில் கார் திருடுபோய்விட்டது என்று செக்யூரிட்டியிடம் சத்தம்போட்டு ரகளை செய்தானாம். கார் ஒரு மாடி கீழே நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஓய்வறையில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சொன்னதே நான்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போன பிள்ளைகளில் பாதிப் பேரை மைதானத்திலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டான். கேட்டவர்களிடம் கை ஓங்கினான். வேலை போனது. வேறொரு பள்ளியில் டீச்சராக இருந்த மனைவியின் விசாவில் அவன் இங்கே தங்கியிருந்தான். கார் ஓட்டக்கூடாது என்று மனைவி சாவியை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அவர்கள் நாட்டில், ஆட்டத்தில் தலை கெட்டுப்போன பழைய ஆட்டக்காரர்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்துக்கொள்ள ஒரு காப்பீடு இருக்கிறதாம். சிகிச்சை, பராமரிப்பு, பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் அதில் வரும். அவன் மனைவி மனுப் போட்டிருந்தாள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஆடத் தொடங்கியபோது இருந்த தலைக்கும் இப்போது இருக்கும் தலைக்கும் வித்தியாசத்தைக் காட்டு. பதினெட்டு வயதில் அவன் எழுதிய பேஸ்லைன் அவர்களிடம் பத்திரமாக இருந்தது. அதே தேர்வை இப்போது மறுபடி எழுத அவனை எங்கள் கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

மறுபடி அவனும் நானும் அந்தச் சின்ன அறையில். இளைத்திருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. திரையில் வார்த்தைகள் வந்தபோது உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தான். நிறம் மாறியபோது பாய்ந்து அழுத்தினான். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெற்றியில் வியர்த்தது. நான் பார்த்தவரையில் அந்தத் தேர்வை அவன் உண்மையாக எழுதியது அன்றைக்குத்தான். பன்னிரண்டு வார்த்தைகளில் நான்கு சொன்னான். ஐந்தாவதற்காக ரொம்ப நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டு வயதிலும் நான்குதான். பொத்தானுக்கான தாமதமும் கிட்டத்தட்ட அதே அளவு. அவனுக்கு முதல் தேர்விலிருந்து இன்றுவரை ஒரு மாற்றமும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. டாக்டரும் வேறு வழியில்லாமல் அதையே எழுதினார்.

பத்து நாள் கழித்து அவன் டாக்ஸியில் தனியாக வந்தான். கையில் ஒரு துண்டுச்சீட்டு. மனைவியின் கையெழுத்தில், யாரைப் பார்க்கவேண்டும், என்ன கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தது. என் பேட்ஜைக் குனிந்து வாசித்தான். இந்தமுறை உண்மையாகவே வாசித்தான்.

“நீங்கள்தானே தேர்வு நடத்தும் ஸிஸ்டர்? ஓர் உதவி வேண்டும். நான் அந்தக் காலத்தில் தேர்வை மெதுவாக எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். என்னோடு ஆடியவர்களில் ஒருவன்கூட இப்போது அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். இந்த ஊரில் நான் அதை யாரிடமாவது சொல்லியிருப்பேனா என்று மனைவி கேட்டாள். ஒரு நர்ஸோடு ஏதோ தகராறு வந்ததாக விமானி அவளிடம் சொன்னானாம். அது நீங்களா?”

இரண்டு வருடம். பஸ்ஸில், அடுப்படியில், ஜெபமாலை சொல்லும்போதுகூட நான் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாசகங்கள் இருந்தன. ஒன்றுக்கு மேல் ஒன்று, எல்லாம் கூர் தீட்டியவை. அவற்றை விட்டுவிட்டு லாக்கரைத் திறந்து அந்தப் பிரதியை எடுத்து வந்து மேசையில் அவன் முன்னால் வைத்தேன்.

விரலை வைத்து வரி வரியாக வாசித்தான். முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் கோபம் இருந்தது. எனக்காகக் கோபப்பட்டான்.

“யாரோ உங்களை மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறான். சரியான அயோக்கியன். யார் ஸிஸ்டர் அவன்?”

நான் தாளின் அடியைக் காட்டினேன். பெரிய முதல் எழுத்து, நீண்ட கோடு. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான், யாரோ விளையாடுகிறார்கள் என்பதுபோல. நான் சிரிக்கவில்லை.

“நீங்கள்தான் சார்” என்றேன்.

“நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை” என்றான். பொய் சொல்லவில்லை, அவன் அதை நம்பித்தான் சொன்னான். கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “நான்தான் என்றால், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றான். வீட்டுக்கு வந்த விருந்தாளி செய்த தப்புக்கு வீட்டுக்காரன் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. எனக்கு வேண்டியது இந்த ஆளின் மன்னிப்பு இல்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனானே, அவன் வந்து கேட்கவேண்டும். அவன் இனி வரமாட்டான். என் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நான் அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் மரியாதையாகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

இரக்கப்பட்டுத்தான் எழுதிக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த “இல்லை டாக்டர்” எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை டூட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். காத்திருப்பு அறையில் அவன் சொன்னது, பஸ், சீனியர், ஏழு விரல்கள், எண்ணிவிட்டு மெதுவாக அழுத்து என்றது, எல்லாம். ‘எனக்கு நன்றாக நினைவிருக்கிறது’ என்று தொடங்கி, அதே வாசகத்தோடு முடித்தேன். மேலாளர் அம்மா ஊருக்குப் போய்விட்டார், புதிய மேலாளர் மறுப்புச் சொல்லவில்லை. காப்பீட்டுக்காரர்கள் கேட்டபடி கிளினிக் என் வாக்குமூலத்தோடு அவன் சம்பந்தப்பட்ட முழுக் கோப்பையும் அனுப்பிவைத்தது.

ஆறு வாரம் கழித்து, நான் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவியிடமிருந்து வாட்ஸாப்பில் காப்பீட்டுக்காரர்களின் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. மனுதாரரின் நினைவாற்றல் தொடக்கத்தில் இருந்தபடியே இருப்பதாகத் தேர்வுகள் காட்டுகின்றன. தேர்வு வேண்டுமென்றே தவறாக எழுதப்பட்டது என்பதற்கு ஒரே சாட்சி ஒரு செவிலியர். அந்தச் செவிலியர், தன் நினைவு பிசகக்கூடியது என்றும் அப்படி ஓர் உரையாடல் நடக்கவே இல்லை என்றும் முன்பே எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார். ஆகவே அவர் வாக்குமூலத்தை ஏற்க இயலாது.

அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள். நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை. முதல் வார்த்தையிலிருந்தே சண்டைதான். உங்களை நம்பினோம். இப்படி ஒரு பொய்யில் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்? உங்களுக்கு மனசாட்சி இல்லையா? என் கணவரின் வாழ்க்கையை நாசமாக்க உங்களுக்கு இந்தக் கடிதத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்?

அந்தக் கடிதம் தன் வேலைதான் என்பதை அவன் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல மறந்திருப்பான்.

மீன்காரர் மிச்சத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு, போனில் எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய தாளின் படத்தைத் தேடினேன். என் கையெழுத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்ததை மட்டும் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் உடனே விழுந்தன. அந்த முதல் எழுத்தையும் நீண்ட கோட்டையும் அவள் கல்யாணப் பதிவேட்டிலேயே பார்த்திருப்பாள். அதன் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.